அகோன்காகுவா: நாளைக் குறிப்பது காற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசு தினத்தன்று தென் அமெரிக்காவின் அகோன்காகுவா உச்சியில் மூவர்ணக் கொடியேற்றத் தமிழக இளைஞர்கள் புறப்படுகிறார்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தோம். ஊர்ப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போவதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் செய்தியில் இரண்டு விஷயங்கள் எங்களை உறுத்துகின்றன. ஒன்று, 'கயிறு கூடத் தேவைப்படாது, நடந்தே ஏறிவிடலாம்' என்ற வரி. மற்றொன்று, ஜனவரி 26 என்று முன்கூட்டியே நாள் குறித்திருப்பது. மலையேற்றப் பயிற்சி அளிப்பவர்கள் என்ற முறையில் இந்த இரண்டைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

அகோன்காகுவாவின் உயரம் 6,961 மீட்டர். ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயர்ந்த மலை கிடையாது. அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில், சிலி எல்லையை ஒட்டி நிற்கிறது. ஹார்கோனஸ் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் வழக்கமான பாதையில் செங்குத்தான பனிச்சுவரோ பாறைச்சுவரோ குறுக்கிடாது. அந்த அளவில் 'நடந்தே ஏறலாம்' என்பது உண்மைதான். அங்கே போய் மாட்டிக்கொள்பவர்களில் பலர் நம்பி ஏமாறுவதும் இதே வரியைத்தான்.

இந்த மலையைக் கடினமாக்குவது காற்று. மலை நிற்பது தெற்கு அட்சரேகை 32-க்கும் 33-க்கும் இடையில். மேற்கிலிருந்து ஓயாமல் காற்று வீசும் பகுதி. பசிபிக் கடற்கரை அங்கிருந்து நேர்க்கோட்டில் 150 கி.மீ. கூட இல்லை. கடலிலிருந்து ஈரத்தோடு கிளம்பும் காற்று ஆண்டிஸ் தொடரில் மோதி மேலேறும்போது, அக்கம்பக்கத்து மலைகளுக்கெல்லாம் மேலே தலை நீட்டி நிற்கும் அகோன்காகுவாவைத்தான் முழு வேகத்தில் அறைகிறது. விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் தாழ இறங்கி உச்சியையே தொடும். அப்போது அடிவாரத்திலிருந்து பார்த்தால் வெயில் பளீரென்று அடிக்கும். உச்சியின் மேல் மட்டும் காளான் குடை போல ஒரு வெண்மேகம் அசையாமல் நிற்கும். அந்த ஊர் வழிகாட்டிகள் அதைப் பார்த்துவிட்டால் மேல் முகாமிலிருந்து ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார்கள். மேகம் நகராமல் நிற்பதால் காற்று இல்லை என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஈரக்காற்று ஒரு பக்கம் ஏறி மேகமாகி, மறுபக்கம் இறங்கிக் கரைந்துகொண்டே இருக்கிறது. அதனுள்ளே இருப்பவருக்கு மணிக்கு 100 கி.மீ. காற்றும், கைநீட்டினால் விரல் தெரியாத வெண்மையும்தான் மிஞ்சும்.

காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 30 கி.மீ. வேகம் 60 ஆனால் தள்ளல் நான்கு மடங்கு. 90 ஆனால் ஒன்பது மடங்கு. 'மேலே காற்று அடர்த்தி குறைவுதானே, அவ்வளவு தள்ளாது' என்று சிலர் சொல்வார்கள். 7,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான் என்பது சரி, தள்ளலும் பாதியாகும். ஆனாலும் தோராயமாகக் கணக்குப் போட்டால், முதுகுப்பையோடு நிற்கும் ஒருவரை அந்த உயரத்தில் 90 கி.மீ. காற்று சுமார் 13 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது. அதுவும் ஒரே சீராகத் தள்ளாது. விட்டுவிட்டு, எதிர்பாராத நொடியில் தள்ளும். காலடியிலோ சரளைக் கல். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் ஏறத்தாழ 40 சதவீதம். இந்த நிலையில் ஒருமுறை தடுமாறி விழுந்து எழுவதற்கே ஐந்து நிமிடம் போய்விடும்.

குளிர்க் கணக்கும் இதேபோலத்தான். உச்சி ஏறும் விடியற்காலையில் மைனஸ் 20, மைனஸ் 25 டிகிரி என்பது அங்கே கோடையிலும் சாதாரணம். மைனஸ் 20 டிகிரியில் 50 கி.மீ. காற்று சேர்ந்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 35. மைனஸ் 25-இல் 60 கி.மீ. என்றால் மைனஸ் 43. அந்த நிலையில் மூடாத தோலில் பத்து நிமிடத்துக்குள் பனிக்கடி பிடித்துவிடும். ஆக்சிஜன் குறைவால் உடம்பு சூட்டை உண்டாக்கும் வேகமும் குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே திட்டமிடுதல் வானிலை முன்னறிவிப்பை ஒழுங்காகப் படிப்பதில் தொடங்குகிறது. அகோன்காகுவா என்று பொதுவாகப் போட்டுப் பார்த்தால் பள்ளத்தாக்கின் வானிலை வந்து நிற்கும். பார்க்க வேண்டியது, காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் குறிக்கும் 500 ஹெக்டோபாஸ்கல் மட்டமும் 400 ஹெக்டோபாஸ்கல் மட்டமும். முன்னது சுமார் 5,800 மீட்டர், பின்னது சுமார் 7,400 மீட்டர். கடைசி முகாமும் உச்சியும் இந்த இரண்டுக்கும் இடையில் அடங்கிவிடும். அலகைக் கவனியுங்கள். ஒரு இணையதளம் 'நாட்' (மணிக்கு கடல் மைல்) கணக்கில் காட்டும், இன்னொன்று விநாடிக்கு மீட்டர், வேறொன்று மணிக்கு கிலோமீட்டர். 25 என்ற எண் மணிக்கு கிலோமீட்டர் என்றால் ஏறலாம்; நாட் என்றால் 46 கி.மீ., ஏறக்கூடாது. விநாடிக்கு மீட்டர் என்றால் 90 கி.மீ., கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. கைபேசியில் அலகை மாற்றி வைத்ததை மறந்துவிடுவது நம்பமுடியாத அளவுக்குச் சகஜமான தவறு. அடுத்து, பெரிய எழுத்தில் காட்டுவது சராசரி வேகம். இடையிடையே திடீரென்று அடிக்கும் வீச்சு அதைவிட மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி கூடுதலாகவே வரும்.

எங்கள் கணக்கு இது: உச்சி மட்டத்தில் சராசரி 30 கி.மீ.க்குள் இருந்தால் நல்ல நாள். 30 முதல் 40 வரை உடல்நலம் சரியாக இருப்பவர்கள், கைகால் உறைகள் பழுதில்லாமல் வைத்திருப்பவர்கள் மட்டும் போகலாம். 40-ஐத் தாண்டினால் யாரும் வேண்டாம். இதைவிடக் கூடுதலான காற்றில் ஏறி வந்தவர்கள் உண்டு. பத்து விரலோடும் திரும்பாதவர்களும் அவர்களில் உண்டு. காலையில் காற்று குறைந்திருப்பது மட்டும் போதாது. அன்று மாலை வரை, முடிந்தால் மறுநாள் காலை வரை, குறைந்தே இருக்க வேண்டும். இறங்கும்போதுதான் களைப்பு உச்சத்தில் இருக்கும்.

இங்கேதான் தேதி விவகாரம் வருகிறது. அடிவார முகாமான பிளாசா டி முலாஸ் 4,300 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கனடா முகாம் ஏறத்தாழ 5,000 மீட்டர், நிடோ டி காண்டோரஸ் சுமார் 5,560, கோலெரா சுமார் 5,970. நாளுக்கு ஒரு முகாம் என்று வைத்தால் உச்சி நான்காவது நாள். அதாவது உச்சிக்குரிய நல்ல நாள் எது என்பதை அடிவாரத்திலிருந்து கிளம்பும்போதே, நான்கு நாள் முன்கூட்டி முடிவெடுத்தாக வேண்டும். நான்கு நாளைக்கு முன்னறிவிப்பு ஓரளவு பிடிமானமாக இருக்கும். ஏழு எட்டு நாளைக்கு மேல் போனால் போக்கு தெரியுமே தவிர எண்ணை நம்பக்கூடாது. எனவே ஒழுங்கான வழி, உடலை உயரத்துக்குப் பழக்கி முடித்து, பிளாசா டி முலாஸில் காத்திருந்து, நான்காம் நாள் காற்று அடங்கும் என்று தெரிந்ததும் கிளம்புவது. 'மேலே போய்க் காத்திருப்போம், நல்ல நாள் வந்ததும் சட்டென்று ஏறிவிடலாம்' என்று நிடோவிலும் கோலெராவிலும் போய் உட்காருபவர்கள் இருக்கிறார்கள். 5,500 மீட்டருக்கு மேல் பசி போய்விடும், தூக்கம் வராது, தசை கரையும். மூன்று நாள் அங்கே கிடந்தவர் நல்ல நாள் வரும்போது ஏறும் நிலையில் இருக்க மாட்டார்.

நாட்கணக்கை இப்படிப் போடலாம். ஹார்கோனஸ் நுழைவாயிலிலிருந்து 3,400 மீட்டரில் உள்ள கான்ஃபுளுயென்சியாவுக்கு முதல் நாள். இரண்டாம் நாள் அங்கேயே தங்கி, பெரிய தெற்கு முகம் தெரியும் பிளாசா ஃபிரான்சியா பக்கம் 4,000 மீட்டருக்கு மேல் நடந்துவிட்டுத் திரும்புதல். மூன்றாம் நாள் பிளாசா டி முலாஸ். எட்டு ஒன்பது மணி நேர நீண்ட நடை, கடைசியில் நல்ல ஏற்றம். நான்காம் நாள் முழு ஓய்வு. பிறகு 5,000 மீட்டர் உயரமுள்ள போனெட்டே மலைக்கு ஒரு நாள், கனடா முகாமுக்குச் சுமை கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்க ஒரு நாள், மீண்டும் ஓய்வு ஒரு நாள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கு என்பது மலை மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட விதி. மேல் முகாம்கள் சில இடங்களில் இந்த 500-ஐத் தாண்டுவதால்தான் முன்கூட்டியே சுமை ஏற்றி இறங்கும் வேலை கட்டாயமாகிறது. இதெல்லாம் முடிய ஏழு நாள் ஆகிவிடும். மேலேறி இறங்க ஆறு நாள், வெளியேற ஒன்றரை நாள். மலைக்குள் பதினான்கு பதினைந்து நாள் இதிலேயே போய்விடுகிறது. மலை அமைந்துள்ள மாகாணப் பூங்கா தரும் ஏறும் அனுமதி 20 நாளுக்கு. மிச்சமுள்ள ஐந்து நாளும் காற்றுக்கென்று ஒதுக்க வேண்டியவை. திரும்பும் விமானச் சீட்டை அந்த 20 நாளும் முடிந்த பிறகு போட வேண்டும்; அல்லது தேதி மாற்றக்கூடிய சீட்டாக எடுக்க வேண்டும். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்த ஐந்து நாள்தான் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். வெட்டவே கூடாததும் அதுதான்.

கூடாரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உச்சி நாளுக்கு முன்பே பலருடைய பயணம் முடிந்துபோவது இங்கேதான். நிடோ டி காண்டோரஸ் நாலாபுறமும் திறந்த மேடு. தரை உறைந்து கல்லாகக் கிடக்கும். மெல்லிய அலுமினிய முளை இறங்காது. இழுகயிறுகளைக் கல்லில்தான் கட்ட வேண்டும். கயிற்றின் முனைக் கண்ணியை இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு கல்லில் மாட்டித் தரையில் வைத்து, அந்தக் கல்லுக்கும் கூடாரத்துக்கும் நடுவில் கயிற்றின் மேலேயே பத்துப் பதினைந்து கிலோ பாறையை ஏற்ற வேண்டும். கயிறு இழுபடும்போது சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டி நின்றுவிடும். நேராகப் பெரிய பாறையைச் சுற்றிக் கட்டினால் இரவு முழுக்க ஆடி ஆடிக் கூர்விளிம்பில் அறுந்துபோகும். கூடாரத்தோடு வரும் இரண்டு மில்லிமீட்டர் கயிறு அங்கே ஒரு இரவு தாங்காது. ஊரிலேயே 4 மி.மீ. கயிறாக மாற்றிக்கொண்டு போவது நல்லது. இரண்டு பேர் கூடாரத்துக்கு 30 மீட்டர் கயிறு போதும்.

காற்றில் கூடாரம் போடும் வரிசையும் முக்கியம். முதலில் துணியைத் தரையோடு பரப்பி, காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளையும் கட்டி, உள்ளே கனமான பையைத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகே கம்பியை நுழைக்கலாம். அதுவரை ஒருவர் கை துணியை விடவே கூடாது. கம்பியை நிமிர்த்தியதும் காற்றுப் பக்கத்து இழுகயிறுகளை முதலில் இறுக்கி, வாசலைக் காற்றுக்கு முதுகு காட்டும் பக்கம் வைக்க வேண்டும். கல் அடுக்கிய அரைவட்டச் சுவர் ஏற்கெனவே இருந்தால் அதற்குள் போடலாம். சுவரில் உரசினால் துணி கிழியும், ஒரு சாண் இடைவெளி விடவும். இரவில் எத்தனை அலுப்பாக இருந்தாலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை வெளியே போய்க் கயிறுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கயிறு தளர்ந்தால் துணி படபடக்கும், படபடத்தால் கம்பி வளையும், கம்பி ஒடிந்த முனை துணியைக் கிழிக்கும். இவ்வளவும் நடந்து முடியப் பத்து நிமிடம் போதும். ஒடிந்த கம்பிக்கு மேல் மாட்டும் அலுமினியக் குழாய்த் துண்டு இரண்டும் கொஞ்சம் டக்ட் டேப்பும் கையில் இருக்கட்டும். அந்த மலையின் தூசி மாவு மாதிரி நுண்ணியது. ஜிப்பில் ஏறி இறுக்கிக்கொள்ளும். ஜிப்பை இழுக்கும் முன் துடைப்பதற்குப் பழைய பல்துலக்கி ஒன்று வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் பழக்கம். காற்று 80, 90 என்று ஏறும் அறிகுறி தெரிந்து, பகல் வெளிச்சமும் மிச்சம் இருந்தால், கூடாரத்தோடு மல்லுக்கட்டாமல் பிளாசா டி முலாஸுக்கு இறங்கிவிடுவதே புத்திசாலித்தனம். நிடோவிலிருந்து இறங்க இரண்டு மூன்று மணி நேரம்தான்.

இனி உச்சி நாள். கோலெராவிலிருந்து காலை நான்கரை, ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். முதல் நிறுத்தம், சிதைந்த மரக்குடில் ஒன்று நிற்கும் இண்டிபெண்டென்சியா, சுமார் 6,380 மீட்டர். அதைத் தாண்டியதும் வரும் மேட்டுக்குப் பெயரே காற்றுக் கணவாய். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று கோவைக்குள் பாய்வதைப் போல, மேற்கிலிருந்து வரும் காற்று முழுதும் அந்த இடுக்கில் குவிந்து பாயும். அதற்கப்பால் 'டிராவர்ஸ்' எனப்படும் நீண்ட குறுக்குப் பாதை. வலப்புறம் பெரிய சரளைச் சரிவு கீழே போய்க்கொண்டே இருக்கும், ஒளிய ஒரு கல் இல்லை. காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களான கிராம்பானையும் தடித்த கையுறையையும் காற்றுக் கண்ணாடியையும் இண்டிபெண்டென்சியாவிலேயே மாட்டிவிட வேண்டும். அந்தக் குடிலின் மறைவை விட்டு, கணவாயில் காற்று முகத்தில் அறைந்த பிறகு குனிந்து, கையுறையைக் கழற்றி, கிராம்பான் வாரை இழுத்துக்கொண்டிருப்பவரைப் பார்க்கலாம். விரல் மரத்துப்போக அந்த மூன்று நிமிடம் போதும். இரும்பின் குளிர் வேறு தனியாகத் தாக்கும்.

குறுக்குப் பாதையின் முடிவில் 6,650 மீட்டரில் 'குகை' எனப்படும் பாறை மறைவு. ஓய்வெடுக்க, கொஞ்சம் குடிக்க, முடிவெடுக்க அதுதான் சரியான இடம். இண்டிபெண்டென்சியாவைக் காலை ஒன்பதுக்குள்ளும் குகையைப் பகல் பன்னிரண்டரைக்குள்ளும் தொட முடியாவிட்டால் உச்சியை மறந்துவிட வேண்டும். குகைக்கு மேலே கனலெட்டா. காலை வைத்தால் அரையடி சறுக்கிக் கீழே கொண்டுவரும் கற்சரிவு, சுமார் 300 மீட்டர் உயரத்தை ஏற இரண்டு மூன்று மணி நேரம் தின்னும். பிற்பகல் இரண்டரைக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்ப வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும்தான். இந்த நேரங்களை முந்தைய நாள் மாலை, மூளை தெளிவாக இருக்கும்போது, எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைக்க வேண்டும். 6,700 மீட்டரில் எடுக்கப்படும் எந்தப் புது முடிவையும் நம்புவதற்கில்லை. யார் 'திரும்பு' என்று சொன்னாலும் குழு திரும்ப வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒருவரைக் குகையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறிப்போவது வேண்டவே வேண்டாம். அசையாமல் உட்கார்ந்திருப்பவரைத்தான் குளிர் முதலில் பிடிக்கும்.

2009 ஜனவரியில் ஒரு குழு உச்சியில் இருந்தபோது புயல் சூழ்ந்துகொண்டது. வெண்மூட்டத்தில் வந்த வழி தெரியாமல், மறுபக்கம் போலிஷ் பனியாறு இருக்கும் திசையில் இறங்கிவிட்டார்கள். இத்தாலிய மலையேறி ஒருவரும், மலையை நன்கறிந்த அர்ஜென்டின வழிகாட்டியும் இறந்துபோனார்கள். உச்சி தட்டையானது, எந்தப் பக்கமும் இறங்கும் வழி போலவே தோன்றும். ஏறும்போதே கனலெட்டாவின் மேல்முனையையும் குகையையும் குறுக்குப் பாதையின் இரு முனைகளையும் ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கருவியில் லித்தியம் பேட்டரி, உள்சட்டைப் பையில். சாதாரண அல்கலைன் பேட்டரி அந்தக் குளிரில் உயிரை விட்டுவிடும்.

கையுறை மூன்று அடுக்கு: மெல்லிய உள்ளுறை, நடுத்தரக் கம்பளி உறை, வெளியே விரல் பிரிக்காத இறகு உறை. வெளியுறையை மணிக்கட்டில் வாரால் கட்டியிருக்க வேண்டும். கழன்ற ஒரு கையுறை காற்றில் போனால் போனதுதான். அந்தக் கையும் அதோடு போகலாம். உச்சியில் கொடியை விரித்துப் படமெடுக்க எல்லோரும் வெளியுறையைக் கழற்றுகிறார்கள். ஸ்பான்சர்களின் பதாகை நான்கைந்து இருந்தால் கழற்றியபடியே கால் மணி நேரம் ஓடிவிடும். கொடியைக் கையுறையோடு பிடிக்கும்படி நான்கு மூலையிலும் அகலமான வளையம் தைத்து எடுத்துப் போங்கள். ரசாயனச் சூட்டுப் பொட்டலங்களை நம்பியிருக்க வேண்டாம். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகும், அங்கே அது பற்றாக்குறை. காலுக்கு இரட்டைக் காலணி. உள்ளே காலுறையைக் கூட்டி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் சீக்கிரம் உறையும். விரல் தாராளமாக ஆட வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு நிறத்தில் வெளுத்த திட்டு தெரிந்தால் உடனே மூடி, இறங்க வேண்டும். தேய்க்கவே கூடாது. விரல் முழுக்க உறைந்துவிட்டால், மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வரும்வரை உருக்கக்கூடாது. வந்த பிறகு 37 முதல் 39 டிகிரி நீரில் அமிழ்த்த வேண்டும். வலித்த விரல் திடீரென்று வலிக்காமல் போனால், சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் ஆபத்தின் அறிகுறி.

சாப்பாடு பற்றி ஒரு குறிப்பு. கோலெராவில் தண்ணீர் சுமார் 80 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் லேசில் வேகாது. கொதிநீர் ஊற்றினால் போதும் என்ற வகையான அவல், சத்துமாவு, உடனடி உப்புமா ஆகியவை நம்மவர்களுக்கு ஒத்துவரும். நாளுக்கு நான்கு லிட்டர் நீர் வேண்டும், மேலே அதற்குப் பனியைத்தான் உருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் எரிவாயு போகும் என்பதால் ஆளுக்கு நாளொன்றுக்கு 120 கிராம் கணக்கு வையுங்கள். காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்துத்தான். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு கொல்லும். காற்றுக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிக்கொண்டு சமைப்பவர்களுக்குத்தான் இது நேர்கிறது. தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக உறையில் வைக்கவும். மேல்மட்டம்தான் முதலில் உறையும், மூடி தப்பிக்கும். உறிஞ்சுகுழாய் வைத்த பை அங்கே வேலைக்கு ஆகாது.

உயரநோயைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது, ஆகவே சுருக்கமாக. கான்ஃபுளுயென்சியாவிலும் பிளாசா டி முலாஸிலும் பூங்கா மருத்துவர்கள் ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நுரையீரல் ஓசை பார்ப்பது கட்டாயம்; 'வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். அசெட்டசோலமைடு 125 மி.கி. இருவேளை என்பது வழக்கமான தடுப்பு அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நேர்க்கோட்டில் நடக்கத் தடுமாறுபவருக்கு மூளை வீங்குகிறது, ஓய்விலும் மூச்சிரைப்பவருக்கு நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் உடனே, இரவானாலும், இறக்குவதுதான் முதல் சிகிச்சை. பலத்த காற்றில் ஹெலிகாப்டர் வராது.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய சட்ட விஷயம் ஒன்று உண்டு. செயற்கைக்கோள் போனையோ, செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையோ தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இங்கே வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் பயணமே நின்றுவிடும். மெண்டோசாவில் வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

பயிற்சிக்கு வெள்ளியங்கிரி ஏழு மலையைச் சுமையோடு ஏறி இறங்குவது காலுக்கு மிக நல்லது. ஆனால் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரத்துக்கு உடலைப் பழக்கும் மலை தமிழ்நாட்டில் இல்லை. உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி மலையேற்றக் கல்வி நிலையம் ஏதாவதொன்றில் அடிப்படைப் பயிற்சியை முடித்து, லடாக்கிலோ இமாசலத்திலோ 6,000 மீட்டர் சிகரம் ஒன்றையாவது ஏறிய பிறகே அகோன்காகுவாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. திறமை மட்டும் காப்பாற்றாது என்பதையும் மறக்கலாகாது. 2006-லேயே ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடித்த நெல்லூர் மாவட்டத்து மல்லி மஸ்தான் பாபு, 2015 மார்ச்சில் இதே ஆண்டிஸ் தொடரில், அர்ஜென்டினா - சிலி எல்லையிலுள்ள ட்ரெஸ் க்ரூசெஸ் மலையில் தனியாக ஏறும்போது காணாமல் போனார். ஏப்ரலில் உடல்தான் கிடைத்தது.

தங்களிடமும் ஸ்பான்சர்களிடமும் எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த முறை இப்படி ஒரு குழு புறப்படும்போது, கொடியேற்றும் நாள் என்று ஒரு தேதியை அச்சிடாதீர்கள். 'ஜனவரி மாதத்தில்' என்று போட்டாலே போதும். தேதி அச்சானதும் அது பிள்ளைகளுக்கு வாக்குறுதியாகிவிடுகிறது; மாவட்ட ஆட்சியர் வாழ்த்து, பள்ளி விழா எல்லாம் அதைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. பிறகு 25-ஆம் தேதி இரவு காற்று 70 கி.மீ. என்று காட்டினாலும் கிளம்பத்தான் தோன்றும். காத்திருக்கும் நாட்கள் எத்தனை, திரும்பும் நேரம் என்ன, முடிவெடுப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளைச் செய்தியாளர்கள் கேட்டு, பதிலையும் வெளியிடலாம். ஸ்பான்சர்கள் பணத்தை உச்சிப் படத்தோடு முடிச்சுப் போடாமல், ஐந்து கூடுதல் நாளுக்கான செலவையும் தேதி மாற்றும் கட்டணத்தையும் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். குகையிலிருந்து திரும்பி வந்த குழுவுக்கும் அதே வரவேற்பு, அதே அளவு செய்தி கிடைக்கும் என்று கிளம்பும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையேற்றப் பயிற்சியாளர்கள்,
கோயம்புத்தூர்.